எல்லைக் கோடுகளும் தீவக மக்களும்

நாட்டுப்படத்தைப் பார்ப்போர் அதிலுள்ள எல்லைக் கோடுகளை இயற்கையாய் அமைந்தவை என்றே பெரும்பாலும் எண்ணிவிடுகின்றனர். மலையும் ஆறும் கடற்கரையும் இயற்கையின் ஆக்கங்கள். மாகாணம், மாவட்டம், பிரதேசம், வட்டாரம் என்பனவோ மனிதர் வகுத்தவை. வகுத்தவர் யார், எந்த நோக்குடன் வகுத்தனர், அவ்வகுப்பினால் எவர் வாழ்வு வளம் பெற்றது, எவர் வாழ்வு குன்றியது என்பன வரலாற்றுக்குரிய வினாக்கள். மன்னர்களின் போர்களை ஆண்டு தவறாமல் மனனம் செய்விக்கும் நமது பாடநூல்கள் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. ஆனால், ஒரு தாய் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பெற எத்தனை மைல் செல்ல வேண்டும், ஊர்க் கிணறு உவரானால் தண்ணீர்ப் பவுசரை எவரிடம் கேட்க வேண்டும், ஒழுங்கையிலே விளக்கு எரியுமா எரியாதா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவை இக்கோடுகளே. யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

ஊரைப் பகுதிகளாக வகுத்துப் பேராளரைத் தெரியும் முறை தமிழருக்குப் புதியதன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அவ்வூர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டதையும், குடும்பு தோறும் குடவோலை இட்டு வாரிய உறுப்பினரைத் தெரிந்ததையும் எடுத்துரைக்கின்றன. இதனைக் கொண்டு, மக்களாட்சி நம் முன்னோர் கண்டது என்று மேடைகளில் முழங்குவோர் பலர். அவர்கள் அக்கல்வெட்டின் மறுபாதியை வாசிப்பதில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் உடையவனும், சொந்த மனையில் வாழ்பவனும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவனும், வேதம் கற்றவனுமே ஓலையிற் பெயர் எழுதப்படும் தகுதி பெற்றான். அது பிராமணர் சபை. நிலத்தை உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. எல்லையை வகுப்பது ஒன்று. எல்லைக்குள் எவரை எண்ணிக்கையிற் சேர்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து நோக்காதவிடத்து உள்ளூராட்சியின் வரலாறு புலப்படாது.

தீவகத்துக்கு வருவோம். யாழ்ப்பாண இராச்சியத்தை 1619 இல் போர்த்துக்கேயரும், அவர்களிடமிருந்து 1658 இல் ஒல்லாந்தரும் கைப்பற்றினர். ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு ஆம்ஸ்ரடாம், அனலைதீவு றொற்றடாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் ஆம்ஸ்ரடாம், மிடில்பேர்க், றொற்றடாம், டெல்வ்ற் ஆகிய நான்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மன்றங்கள் அமைந்திருந்த நகரங்கள். பங்கு முதல் திரட்டிய வணிகரின் ஊர்ப்பெயர்களை நெய்தல் நிலத்து மக்களின் தலையில் ஏற்றிவைத்தனர் என்பதே இதன் பொருள். நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மட்டும் ஆங்கிலக் கடிதங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பெயரிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. குடிகளையும் காணிகளையும் தோம்பிற் பதிந்தனர். கோயிற்பற்று என்னும் பிரிவே சமயத்துக்கும் கல்விக்கும் இறைக்கும் அடிப்படையாயிற்று. அக்கோயிற்பற்றுகளின் பெயர்களைப் பழைய காணி உறுதிகளிற் காணலாம். இப்பிரிவுகளின் நோக்கம் வெளிப்படையானது: மக்களை எண்ணுதல், வரி தண்டுதல், ஊழியம் வாங்குதல். மக்களுக்குப் பணி செய்வதற்கென எந்தக் கோடும் அக்காலத்தில் வரையப்படவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் எல்லை வரைதல் அரசியற் கருவியாகவே ஆயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் பின் 1833 இல் இலங்கை 5 மாகாணங்களாக வகுக்கப்பட்டது. கண்டி இராச்சியத்தின் நிலப்பகுதிகள் துண்டாடப்பட்டுக் கரையோர மாகாணங்களோடு பிணைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தைத் தலைநகராகக் கொண்ட வட மாகாணம் அநுராதபுரம் வரை நீண்டிருந்தது. 1873 இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும் வரை, நுவரகலாவியச் சிங்கள விவசாயியின் குறை யாழ்ப்பாணத்துக் கச்சேரிக்கே வந்து சேர வேண்டியிருந்தது. அதிகார மேசையிலிருந்து வரையப்படும் கோடு இனம் பாராமல் ஏழையை வருத்தும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதே காலத்து வீதிச் சட்டமும் (1848) நினைவுகூரத்தக்கது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும். இயலாதவர் பணம் கட்ட வேண்டும். தீவகத்து உழைப்பாளியின் 6 நாளும் இக்கணக்கிற் சேர்ந்தன. ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது வீதி மட்டுமன்று. துறையும் தோணியும் பாலமும் வேண்டியிருந்தன. கடல் நடுவே கிடக்கும் ஊர்களைத் தரைக் கணக்கினால் ஆளும் வழக்கம் அன்று தொடங்கியது.

1871 இல் 26 ஆம் இலக்கக் கிராமச் சமுதாயங்கள் சட்டம் பிறந்தது. அது கிராமச் சங்கங்களுக்கும் கிராமக் கோடுகளுக்கும் வழி வகுத்தது. பழைய கிராம ஆட்சிக்கு உயிர் கொடுத்ததாக ஆட்சியாளர் பெருமை கொண்டனர். சங்கத்தின் தலைமையோ நெடுங்காலம் அரசாங்க அதிபரிடமும் மணியகாரரிடமுமே இருந்தது. மணியகாரர், உடையார், விதானையார் என இறங்கிவரும் ஏணியில் நின்றவர்கள் நிலமும் குலமும் உடையோர். வரி தண்டுபவரே மக்களின் தலைவராகவும் வீற்றிருந்த சபையில் மக்கள் எதைப் பேசியிருக்க முடியும்? 1938 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் தம்முள் ஒருவரைத் தலைவராக்கும் முறை உறுதியாயிற்று. 1946 ஆம் ஆண்டளவில் மணியகாரர் பதவியும் மறைந்து, காரியாதிகாரிகள் அவ்விடத்துக்கு வந்தனர்.

இதன் பின் வந்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே தீவகத்தின் உள்ளூராட்சிக்கு உயிர் இருந்த காலம். கிராமச் சங்கம் கிராம சபையாயிற்று. புங்குடுதீவு 12 வட்டாரங்களாக அமைந்தது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். அவர் வீடு எதுவென்று சிறு பிள்ளையும் அறியும். ஒழுங்கை திருத்துதல், குளம் தூர்வாருதல், பொதுக்கிணறு கட்டுதல், சந்தை நடத்துதல், வாசிகசாலைக்குப் பத்திரிகை பெற்றுக்கொடுத்தல் என்பன அச்சபைகளின் பணிகள். இவை சிறியனவாய்த் தோன்றலாம். ஆனால் ஊரவர் ஒருவர் தம் குறையைத் தம் ஊரிலேயே, தம் மொழியிலேயே, தம்மால் நீக்கத்தக்க ஒருவரிடம் கூறக்கூடிய நிலையை இவை உண்டாக்கின.

இக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவதும் பொருந்தாது. வட்டார எல்லை சாதி எல்லையை ஒட்டியோ வெட்டியோ செல்லும் ஆற்றல் உடையது. ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு ஒரே வட்டாரத்துள் அடங்கினால் அவர்களுக்கு ஓர் ஆசனம் கிட்டும். அதே குடியிருப்பு மூன்று வட்டாரங்களுக்குப் பங்கிடப்பட்டால் மூன்றிலும் அவர்கள் சிறுபான்மையாவர். தலை எண்ணிக்கை மாறவில்லை. கோடு மட்டும் மாறியது. இத்தந்திரம் நமக்கு மட்டும் உரியதன்று. 1812 இல் அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் மாநிலத்தில் ஆளுநர் ஜெரியின் கட்சிக்கு வாய்ப்பாக வளைத்து நெளித்து வகுத்த தொகுதியைக் கண்டோர், பல்லியை ஒத்த உருவமுடைய பிராணியொன்றோடு அதனை ஒப்பிட்டு நகைத்தனர். அவர் பெயரே இத்தகைய மோசடிக்கு ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. யாழ்ப்பாணத்தில் பொதுக் கிணறு என எழுதியிருந்தும் எல்லோரும் அள்ள முடியாத கிணறுகள் இருந்தன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும், 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்ட மக்கள் தேநீர்க்கடையிலும் கோயிலிலும் சம உரிமை கோர வேண்டியிருந்தது. சபை ஊருக்கு அருகில் இருப்பது நன்று. ஆனால் ஊரின் ஆதிக்கமும் சபைக்கு அருகிலேயே இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

வருவாய்க் கோடு பற்றியும் இங்கே கூற வேண்டும். புங்குடுதீவாரும் காரைநகராரும் தென்னிலங்கை நகரங்களெங்கும் கடை வைத்து வணிகம் செய்தவர்கள். அவர்களின் உழைப்பினாலும் அவர்தம் கடைச் சிப்பந்திகளின் உழைப்பினாலும் தழைத்த கட்டடங்களுக்குரிய சோலை வரி அவ்வந் நகரசபைகளுக்கே சென்றது. பிள்ளைகள் படித்த பள்ளியும் பெண்கள் தண்ணீர் சுமந்த ஒழுங்கையும் தீவிலே, வரியோ கொழும்பிலே. யாழ்ப்பாணப் பட்டினம் 1949 இல் மாநகரசபையாயிற்று. கடைவீதியும் பேருந்து நிலையமும் எல்லைக்குள் இருந்தமையால் அதற்கு வருவாய் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டைக்கு எதிரே கண்ணுக்கெட்டும் தொலைவிற் கிடக்கும் மண்டைதீவு அந்த எல்லைக்கு வெளியே நின்றது. உழைப்பு எல்லை கடந்து செல்கிறது. அதன் பயன் எல்லைக்குள் திரும்பி வருவதில்லை. இது முதலாளித்துவப் பொருளாதாரத்தின் பொதுவிதி. உள்ளூராட்சி எல்லைகள் அதற்குச் சட்ட வடிவம் கொடுக்கின்றன.

1981 இல் பெருமாற்றம் நிகழ்ந்தது. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின்படி நாடெங்கும் இருந்த 549 கிராம சபைகளும் 83 பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 24 அபிவிருத்திச் சபைகள் அமைந்தன. யாழ்ப்பாணத்தில் அதற்கான தேர்தல் 1981 யூன் 4 ஆம் நாள் நடைபெற்றது. அதற்குச் சில நாள் முன்னரே, அத்தேர்தலுக்கென வந்து குவிந்த பொலிசாரின் கொடுமையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்து சாம்பலாயிற்று. உலகம் நூலகத்தின் தீயைக் கண்டது. அதனைக் கண்டிப்பதும் கடமையே. ஆனால் அதே கோடையில் ஓசையின்றி மறைந்த கிராம சபைகளைப் பற்றி எவரும் ஒப்பாரி வைக்கவில்லை. ஒரு தீவுக்கு ஒரு சபை என்னும் நிலை அத்துடன் முடிந்தது.

மாவட்ட அபிவிருத்திச் சபை பயன் தரவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் தோன்றின. அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளின் எல்லைகளே. அதாவது, உத்தியோகத்தர் தம் வேலை வசதிக்காக வகுத்த பெட்டிக்குள்ளேயே மக்களின் சபையும் வைக்கப்பட்டது. தீவகத்தில் வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் என 4 பிரதேச சபைகள் உள. மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களுள் இவை அடங்கும். வேலணைப் பிரதேச சபையுள் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, சரவணை, புங்குடுதீவு, நயினாதீவு யாவும் அடக்கம். அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையைச் சார்ந்தன. சபைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரம் மாகாணத்துக்குரியது; அவற்றின் எல்லையையும் அமைப்பையும் தீர்மானிக்கும் அதிகாரமோ கொழும்பில் உள்ள அமைச்சிடமே தங்கிவிட்டது.

நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒப்பிட்டு நோக்குவோம். நயினாதீவில் வாழ்பவர் பிரதேச செயலகத்துக்கு ஓர் அலுவலாகச் செல்வதாயின் வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவின் நீளம் முழுவதையும் கடந்து, வாணர் பாலத்தின் வழியே வேலணைக்குச் செல்ல வேண்டும். கையொப்பமிடுபவர் அன்று விடுப்பில் இருப்பின் ஒருநாட் கூலி வீணாகும். நெடுந்தீவின் நிலை வேறு. 6 கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்ட அத்தீவுக்குத் தனிச் செயலகமும் தனிப் பிரதேச சபையும் உண்டு. எனினும் வரியிறுக்கக்கூடிய கடைகளும் கட்டடங்களும் அங்கே அரிதாகையால் சபையின் பெட்டகம் வெறுமையானது. வழக்கென்று வந்தால் நெடுந்தீவாரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் சென்று, பின் பேருந்திலேறி ஊர்காவற்றுறை நீதிமன்றத்தை அடைய வேண்டும். ஓரிடத்தில் எல்லை அகன்றது, சேவை தொலைவிலுள்ளது. மற்றோரிடத்தில் எல்லை நெருங்கியது, பணம் இல்லை. ஆகவே சபையைச் சிறிதாக்கினால் எல்லாம் சீராகும் என்பதும், பெரிதாக்கினால் வளம் பெருகும் என்பதும் அரை உண்மைகளே. அதிகாரமும் வருவாயும் அருகாமையும் மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றிக் கோடு வெறுங்கோடாகவே இருக்கும்.

பிரெஞ்சுப் புரட்சியாளர் 1790 இல் தம் நாட்டின் பழைய மாகாணங்களைக் கலைத்து 83 மாவட்டங்களாக வகுத்தபோது ஓர் அளவுகோல் வைத்தனர்: எந்தக் குடிமகனும் ஒரு நாட் பயணத்துள் மாவட்டத் தலைநகரை அடைதல் வேண்டும். பிரபுக்களின் பரம்பரை எல்லையை உடைத்து மக்களின் காலடியை அளவாகக் கொண்ட அச்செயல் போற்றத்தக்கது. நம் நாட்டில் எல்லை நிர்ணயம் செய்வோர் சனத்தொகையையும் சதுர மைலையும் கணக்கிடுகின்றனர். கடலைக் கடக்கும் நேரத்தையோ, கச்சான் காலத்தில் வள்ளம் ஓடாத நாட்களையோ அதே நிறையில் வைத்து எண்ணுவதில்லை.

சனத்தொகைக் கணக்கும் நடுநிலையானதன்று. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 20 பேருக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படையெடுப்புகளால் தீவகத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். பலர் வன்னிக்கும் கொழும்புக்கும், பலர் கடல் கடந்து பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றனர். வாக்காளர் தொகை குறையவே ஆசனங்களும் குறைந்தன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இல் 7. 2024 இல் 6. போரினால் துரத்தப்பட்டவர்கள் கணக்கிலிருந்தும் துரத்தப்பட்டனர். எஞ்சியிருப்போருக்கோ, ஆட்கள் குறைந்தமையால் பள்ளி மூடப்படுகிறது, பேருந்து குறைகிறது, அவை குறைந்தமையால் மேலும் சிலர் வெளியேறுகின்றனர். நாட்டின் வேறு பகுதிகளிலும் கோடுகள் அமைதியாய் இருக்கவில்லை. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டதும், கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய நீண்ட சச்சரவும், கோட்டை வரைந்து இனங்களை மோதவிடும் அரசியலுக்குச் சான்றுகள். அங்கெல்லாம் தமிழ், முஸ்லிம், சிங்கள ஏழைகள் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்ள, ஆளும் வர்க்கம் அமைதியாக ஆள்கிறது.

2018 பெப்ரவரி 10 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் வட்டார முறை மீண்டது. 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் பட்டியலிலிருந்தும் வந்தனர். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் கிடைத்தது. இது முன்னேற்றமே. ஆனால் அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தபோது, பணமில்லை என்று கூறித் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. 2025 மே 6 ஆம் நாள் வரை இரண்டாண்டுகளுக்கு மேல் மக்களின் சபைகளைச் செயலாளர்களே நடத்தினர். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. மணியகாரர் ஆட்சி பெயர் மாறி மீளக்கூடியது என்பதை இவ்விடைவெளிகள் உணர்த்துகின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராம சபைகள் ஒழிந்து நான்கு தசாப்தங்கள் கடந்தும் புங்குடுதீவாரின் மரண அறிவித்தல்கள் இன்றும் இறந்தவர் பிறந்த வட்டாரத்தை எண்ணிட்டே கூறுகின்றன. பாரிசிலோ இலண்டனிலோ கண்மூடியவரும் இன்ன வட்டாரத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவரே. அரசு அழித்த கோட்டை மக்கள் தம் நினைவில் வைத்திருக்கின்றனர். காரணம் எளிது. அந்தக் கோட்டுக்குள் அவர்களுக்கு ஒரு குரல் இருந்தது. புலம்பெயர்ந்தோர் இன்று அவ்வட்டாரப் பற்றினாலேயே கோயிலுக்கும் பள்ளிக்கும் கிணற்றுக்கும் பணம் அனுப்புகின்றனர். அது பாராட்டுக்குரியது. எனினும் கொடைக்குத் தணிக்கை இல்லை. கொடையாளியை வாக்கினால் நீக்க முடியாது. உறவினர் வெளிநாட்டில் உள்ள ஒழுங்கைக்குக் கொங்கிறீற்றும், எவருமற்ற ஏழையின் ஒழுங்கைக்குச் சேறும் என்னும் நிலை உரிமையின் இடத்தில் தயவை அமர்த்துகிறது.

செய்யத்தக்கவை யாவை? எல்லை நிர்ணயத்தில் கடல் தொலைவு ஓர் அளவாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். தனித் தீவு ஒவ்வொன்றுக்கும், பிரதேச சபைக்குள்ளேயே, வரவு செலவில் உரிமையுள்ள தீவுக் குழு வேண்டும். வருவாய் குறைந்த சபைகளுக்கு மானியம் கருணையாக அன்றி, கடல் கடக்கும் செலவைக் கணக்கிட்ட உரிமையாகக் கிடைக்க வேண்டும். எல்லை வரைவுகள் வெளியாகும்போது ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகள் துண்டாடப்படுகின்றனவா என்பதைப் பொதுமக்கள் ஆராய்ந்து ஆட்சேபம் தெரிவிக்கப் போதிய காலம் வேண்டும்.

இவ்வாராய்ச்சியை ஆசிரியரும் மாணவரும் தொடங்கலாம். மடத்துவெளியிலோ சரவணையிலோ நாரந்தனையிலோ உள்ள ஒரு பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் தம் ஊர்ப் படத்தைத் தாமே வரையட்டும். கிணறு, மருந்தகம், துறை, பள்ளி, ஒழுங்கை, சபை அலுவலகம் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவற்றுக்குள்ள தொலைவை எழுதட்டும். பின் அதன் மேல் வட்டார எல்லையை வரையட்டும். எவர் வீட்டுப் பக்கம் கோடு வளைந்தது, எவர் வீட்டை அது விலக்கிச் சென்றது என்பதை அந்தப் படம் எந்தச் சொற்பொழிவையும்விடத் தெளிவாகக் கூறும். அதனைக் கற்றறிந்த தலைமுறை, அடுத்த கோடு வரையப்படும் நாளில் மேசையின் மறுபக்கத்தில் வாய்பொத்தி நிற்காது.